மலை ரயிலுக்குப் பத்தாவது இடமா?
ஊட்டியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற உங்கள் பட்டியலில் படகு இல்லத்தை முதலில் வைத்துவிட்டு, மலை ரயிலைக் கடைசியில் தள்ளியிருக்கிறீர்களே! மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறதுதான். ஆகட்டுமே! கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தை, அதாவது பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தை, கவ்விக்கொண்டு ரயில் ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முதல் பெட்டியில் இருப்பவர்களுக்கு மறைப்பே இல்லை. கொடியோடு முன்னால் நிற்கும் பிரேக் ஊழியரின் தோளுக்கு மேல் பள்ளத்தாக்கு விரிகிறது. வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தபோது இறங்கினோம். என் பேத்தியின் பிஸ்கட்டைக் குரங்கு பொட்டலத்தோடு கொண்டுபோய்விட்டது. அழவில்லை அவள், கைதட்டினாள். குன்னூர் வரைதான் நீராவி எஞ்சின், அதற்கு மேல் டீசல். போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே ஏறுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.