கம்ப்யூட்டர் மட்டும் இல்லை, ஒயிலும்தான்

விவிடி, அதாவது எஞ்சின் வால்வுகள் திறக்கிற நேரத்தை ஓட்டத்துக்கு ஏத்தமாதிரி மாத்துற ஏற்பாடு, முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை எண்டு தம்பி ஒருத்தர் ஒரு கட்டுரையில எழுதியிருக்கிறார். அரைவாசிதான் சரி. எப்ப, எவ்வளவு எண்டு சொல்லுறது கம்ப்யூட்டர். வால்வுகளைத் திறக்கிற தண்டான காம் சாஃப்டைக் கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்குத் திருப்புறது, கனக்க எஞ்சின்களில, எஞ்சின் ஒயிலின்ர அமுக்கம். காம் முனையில இருக்கிற பல்லுச் சில்லுக்குள்ள சின்னச் சின்ன அறைகள். ஒரு பக்கம் ஒயில் போனால் காற்று எடுக்கிற வால்வு முந்தித் திறக்கும், மற்றப் பக்கம் போனால் பிந்தும். ஓட்டத்தில முந்தினால் இழுவை கூடும். நிண்ட இடத்தில பிந்தவேணும், இல்லாட்டி புகை போற வால்வும் சேந்து திறந்திருந்து எஞ்சின் உதறும்.

என்ர காருக்கு அதுதான் நடந்தது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில கும்பிட நிப்பாட்டினால் கச்சான் வாங்கி முடியமுதல் உதறி நிண்டிடும். ஒரு கராஜில சென்சர் எண்டு மாத்திக் காசு வாங்கினாங்கள், சுகமில்லை. பிறகு கிளிநொச்சியில ஒரு ஐயா அந்த அறைகளுக்கு ஒயிலை எந்தப் பக்கம் விடுறது எண்டு மாத்துற ஒயில் கன்ட்ரோல் வால்வைக் கழட்டிக் காட்டினார்: உள்ளுக்க கறுத்த களி, ஊசி அசையேல்லை. ஒயில் மாத்தப் பிந்தினது நான்தான்.

ஹொண்டா 1989 இல கொண்டுவந்த விடெக் வேற சங்கதி. அது வால்வு எழும்புற உயரத்தையும் மாத்தும். ரெண்டையும் ஒண்டாக் குழப்பாதேங்கோ, தம்பி.