எந்தத் தோட்டத்து இலை?

கோவை, ஈரோடு பக்கம் இன்ஜினியரிங் காலேஜ்களில் நடக்கும் ஆராய்ச்சி போஸ்டர் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இலையின் போட்டோவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் மாடல் பற்றிய போஸ்டர் ஒன்றாவது இருக்கும். 99 சதவீதம் துல்லியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நடுவர்களும் அதிலேயே மயங்கிப் பரிசைக் கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

அந்த 99 எங்கிருந்து வருகிறது? பிளான்ட்வில்லேஜ் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற படத் தொகுப்பு. 54,306 படங்கள், 14 பயிர்கள். ஆப்பிள் உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு. மஞ்சள் இல்லை, தென்னை இல்லை. இலையைப் பறித்து ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். இதை வைத்து 2016-ல் வந்த ஆய்வுக் கட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது: தொகுப்புக்குள் சோதித்தால் 99.35 சதவீதம், வேறு சூழலில் எடுத்த படத்தைக் கொடுத்தால் 31-க்குச் சற்று மேல். அந்த இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதில்லை.

சமீபத்தில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்து மாணவி ஒருவர் மஞ்சள் இலைப்புள்ளி நோயை எடுத்திருந்தார். படமெல்லாம் சொந்தத் தோட்டத்தில் செல்போனில் எடுத்தது. துல்லியம் 70-ஐத் தொடவில்லை. ஆனால் மாடல் தப்பாகச் சொன்ன படங்களைப் போஸ்டரின் கீழ்ப்பாதி முழுக்க ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார். ஒரு இலையில் அடித்த மருந்து காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படிந்திருந்தது. மாடல் அதை நோய் என்றுவிட்டது. "மருந்தடிச்சு நாலு நாளைக்கு இந்த மாடல் எங்கப்பாவுக்கு உதவாதுங்க சார்" என்றார். எவ்வளவு நேர்மையான ஆராய்ச்சி! என் மதிப்பெண் அவருக்குத்தான். பரிசு 99-க்குப் போனது.

மதிப்பெண் தாளில் முதல் கேள்வியே "தரவை யார், எங்கே, எப்போது எடுத்தார்கள்" என்று இருக்கட்டும். மாடல் தப்பாகச் சொன்ன படங்களைக் காட்டாத போஸ்டருக்கு மதிப்பெண் குறையட்டும். பெருந்துறை மஞ்சள் ஏலம், பொள்ளாச்சித் தென்னையைப் பிடித்த சுருள் வெள்ளை ஈ, நொய்யல் தண்ணீர், திருப்பூர்த் துணியில் விழுகிற ஓட்டை என்று நம்மூரில் தரவுக்கா பஞ்சம்?

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் முன்னால் போட்டியை அறிவித்தால் பிள்ளைகள் இணையத்தில் கிடைத்ததைத்தான் இறக்குவார்கள். மஞ்சள் நடவு வைகாசி, ஆனியில். வெட்டு தை, மாசியில். காலேஜ் திறந்ததுமே ஆனியில் அறிவித்துவிட்டுப் பங்குனியில் போட்டியை வையுங்கள். ஒரு வெள்ளாமையை முழுசாகப் படம் எடுக்க அவகாசம் கிடைக்கும்.