ஜோர்டானைப் பள்ளி அணி துரத்திவிட்டதா?

'கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானையே பள்ளியில் உதவாது என்று துரத்திவிட்டார்கள். இளம் வீரர்களின் திறமையை எடைபோடும் கணிப்பெல்லாம் குருட்டாம்போக்கு' என்ற பதிவு மறுபடி சுற்றுகிறது. இது தவறு.

1978இல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகர லேனி பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த அவருக்கு முதன்மை அணியில் இடமில்லை. ஜூனியர் அணியில் ஆடவைத்தார்கள், அவ்வளவுதான். அவர் அப்போது சுமார் 5 அடி 10 அங்குலம். அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டதால் 6 அடி 7 அங்குலச் சக மாணவர் ஒருவர் மேலே போனார். 1980 கோடையில் பிட்ஸ்பர்க்கில் பள்ளி வீரர்களுக்காக நடந்த ஃபைவ் ஸ்டார் கூடைப்பந்து முகாமில் ஜோர்டானைக் கவனித்து உயர்த்திப் பேசியதும் இதே கணிப்பாளர் கூட்டம்தான்!

கணிப்புக்கு முறை உண்டு. முகாமில் உயரத்தை ஷூ கழற்றித்தான் அளக்க வேண்டும். ஷூவே ஓர் அங்குலம் கூட்டிவிடும். விரித்த கைகளின் நீளமும், நின்றபடி எட்டும் உயரமும் அதைவிட முக்கியம். புள்ளிக்கணக்கை நம்பக் கூடாது. முன்பின் பழகாத ஐந்து பேர் சேர்ந்து ஆடும்போது, பந்தை விடாமல் வைத்திருப்பவருக்கே புள்ளி சேரும். அதனால் பார்வை பந்தை விட்டு விலக வேண்டும்: பந்து பறிபோனதும் முதல் மூன்று எட்டுகளை ஓடி வைக்கிறாரா, நடந்து வைக்கிறாரா? எதிரணி ஷாட் எழும்போது எதிராளியை முதுகால் தடுத்து ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க) இடம் பிடிக்கிறாரா, அண்ணாந்து வேடிக்கை பார்க்கிறாரா?