இலைக்கு உரிமம், பூவுக்கு வழக்கு
கஞ்சாச் செடியில் எதைத் தொட்டாலும் இந்தியாவில் குற்றம்தான் என்று ஒரு கட்டுரை போகிற போக்கில் சொல்வது சரியில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தில் செடியை வளர்ப்பது, பிசின், பூக்கும் நுனி எல்லாம் குற்றம். ஆனால் நுனி சேராத இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற கணக்கிலேயே வராது. அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை ராஜஸ்தானில் உரிமம் வாங்கியே விற்கிறார்கள். இங்கே கர்நாடக உயர் நீதிமன்றமும் 2022-இல் பாங்கு வழக்கில் கைதான ஒருவருக்கு இதைச் சொல்லித்தான் ஜாமீன் கொடுத்தது. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் தீப்பெட்டி அளவுக் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’ என்பதால் அபராதத்தோடு விட்டார்கள். அடிமையானவர் தானாக சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் வேலை கிடைத்தபோது பின்னணி விசாரணையில் வழக்கு வெளியே வந்து, ஆஃபர் லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஹோலிக்கு எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியிலேயே பாங்கு கலந்த தண்டாய் என்ற பால் பானம் ஓடுகிறது, யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை (கூப்பிடவும் வேண்டாம்). அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ‘சாராயத்துக்கு இது எவ்வளவோ தேவலை’ என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: எய்ம்ஸ் 2019 அறிக்கைப்படி மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், பாங்கு உட்பட கஞ்சா வகைகளைப் பயன்படுத்துபவர்கள் 2.8. கடைக்கடையாகக் கிடைக்கும் ஒன்றையும் ஒளித்து விற்கும் ஒன்றையும் வைத்து எது தேவலை என்று எப்படிச் சொல்வது? பதின்ம வயதில் தினமும் இழுப்பவர்களுக்கு மனநோய் அபாயம் கூடுகிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே.