மூழ்கப்போகிறவர்களிடம் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுங்கள்

காலநிலை மாற்றத்துக்குத் தகவமைத்துக்கொள்ளும் திட்டம் எதை எடுத்தாலும் "மக்கள் பங்கேற்புடன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். நடப்பது என்னவென்றால், வரைபடம் தயாராகி டெண்டர் வரைக்கும் போன பிறகு ஒரு கூட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, நாலு போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் யார் நிலத்துப் பக்கம் திரும்பும் என்ற பேச்சே அங்கே எழாது. இதற்குப் பெயர் பங்கேற்பு என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நைஜர் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியைத் தாக்கிய வறட்சிக்குப் பிறகு அங்கே பாலைவனத்தைத் தடுக்கிறோம் என்று நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்துபோயின. ஆனால் வெட்டப்பட்ட பழைய மரங்களின் வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது, வருஷா வருஷம் துளிர்விட்டது, விதைப்புக்கு முன்னால் விவசாயிகளே அதை வெட்டித் தள்ளினார்கள். ஏன் வெட்டினார்கள்? காலனி காலத்துச் சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் வளர்ந்த மரத்தைத் தொட்டால் அபராதம் என்றால் எவன் வளர்ப்பான்? 1980களில் தொடங்கி அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது, மரம் நமக்குத்தான் என்ற நம்பிக்கையும் வந்தது. நல்ல துளிர்களில் சிலவற்றை விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடும் எளிய முறை ஊர் ஊராகப் பரவியது. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பி வந்ததாக மதிப்பிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் கன்று நடாமலே. அங்கே 'கோ' என்று ஒரு மரம், மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், அதனால் பயிருக்கு வெயிலும் கிடைக்கும் உரமும் கிடைக்கும். இதெல்லாம் அந்த விவசாயிகளுக்கு முன்பே தெரியும். இல்லாமல் இருந்தது உரிமை மட்டும்தான்.

வங்கதேசமும் அப்படித்தான். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் இன்று 70,000க்கும் அதிகமான தன்னார்வலர்கள், பாதிப் பேர் பெண்கள். கொடி ஏற்றி, மெகாபோனில் கத்தி, வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியே கொண்டுவருகிறார்கள். 1991 புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள், 2020 ஆம்பன் புயலில் அங்கே இறந்தவர்கள் சில டஜன் பேர். கழிப்பறையோ தனி இடமோ இல்லாத புகலிடத்துக்குப் பெண்கள் வரத் தயங்குவார்கள், மாட்டைக் கட்ட இடமில்லை என்றால் ஏழைக் குடும்பம் வீட்டை விட்டே நகராது. இதை அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்காமல் எந்தப் பொறியாளருக்குத் தெரியும்?

சரி, பணம்? 2003 முதல் 2016 வரை காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கொடுக்கப்படும் சர்வதேச நிதியில் உள்ளூர் அளவுக்கு ஒதுக்கப்பட்டது 10 சதவீதத்துக்கும் குறைவு என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. முடிவுகளை முடிந்தவரை கீழ்மட்டத்திலேயே எடுக்க வேண்டும் என்று 2021இல் உள்ளூர் மக்கள் தலைமையில் நடக்கும் தகவமைப்புக்கான எட்டுக் கோட்பாடுகள் வந்தன, நிறைய அமைப்புகள் ஏற்றுக்கொண்டன, நல்லதுதான். ஆனால் பணப்பை இன்னும் மேலேயேதான் இருக்கிறது.

அப்புறம், மக்கள் மக்கள் என்று சொல்லும்போது ஊரை ஒரே ஆளாக நினைத்துவிடக் கூடாது. கூட்டத்தில் முன் வரிசையில் நிலம் உள்ளவர்கள், கடைசியில் குத்தகைக்காரர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள் வரவே முடியாது. அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் போடுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள். பெரியவர்கள் காற்றையும் பறவையையும் பார்த்துச் சொன்ன மழைக் கணக்கு இப்போது பல இடங்களில் தவறுகிறது, ஆகவே வானிலை ஆய்வாளரும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும், ஊர்க்காரர்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "இது உங்கள் திட்டம்" என்று சொல்லிக் கரையை உயர்த்தும் வேலை, மதகைப் பழுது பார்க்கும் செலவு எல்லாவற்றையும் ஊர் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவுவது. பூமி இப்படிச் சூடாவதில் அந்த மக்களின் பங்கு மிகச் சொற்பம். பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை அந்த ஊர்க் குழுவின் கணக்குக்கே வரட்டும், செலவுக் கணக்கை ஊர் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டட்டும்.