டிரைவர்கள் மாற மாட்டார்களாம்!

சரக்கு வண்டி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கணினியே வழி போடும் ரூட் சாஃப்ட்வேரைப் பற்றி ஒருவர் பேசும் அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "ரூட் சாஃப்ட்வேர் அருமை, டிரைவர்கள்தான் மாற மாட்டேன் என்கிறார்கள்" என்று அவர் சொன்னதும் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் ஒருவராவது விடியற்காலையில் லோடு ஏற்றும் இடத்தில் நின்றிருப்பாரா?

மாற மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை ஐயா. எங்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிடங்கிலிருந்து வண்டிகளை அனுப்பும் டெஸ்பாட்ச்சில் இருப்பவன் சொல்கிறேன். புது ரூட் வந்த அன்று சரக்கு இறக்கும் வரிசை தலைகீழானது. லோடு ஏற்றுகிறவர்களுக்கு அதைச் சொன்னவர் இல்லை. அவர்கள் வழக்கம்போல அடுக்கினார்கள். முதல் கடையின் பெட்டிகள் வண்டியின் உள்மூலையில், கடைசிக் கடையின் சரக்கு கதவோரம். ஒவ்வொரு கடையிலும் பாதி வண்டியை இறக்கி மறுபடி ஏற்றினார்கள். கிலோமீட்டர் குறைந்தது, யார் மறுத்தது? டிரைவரின் முதுகுவலி ரிப்போர்ட்டில் வராது. பொறுக்க முடியாமல் ஒருவர் பழைய வரிசையிலேயே போனார். ஸ்கிரீனில் அவர் பெயர் சிவப்பாகிவிட்டது.

"அப்போ கம்ப்யூட்டரே வேண்டாமா?" என்று கமென்டில் வருவீர்கள். வேண்டும் சாமி. இத்தனை வண்டி, இத்தனை கடை, எல்லாவற்றையும் தாளில் வரிசை போட்டுத் தலை வெடித்தவன் நான். "சில டிரைவர்கள் சொந்த வேலைக்கு வழி மாற்றுகிறார்களே?" மாற்றுகிறார்கள். சிலர். அடுத்த கேள்வி?

2021-ல் அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வுப் போட்டி வைத்தன. கணினி போட்ட வழியை விட்டு அனுபவசாலி டிரைவர்கள் விலகுவதில் விவரம் இருக்கிறது, அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் போட்டியே. அமேசான் படிக்க நினைத்தது எங்கள் இடத்தில் விதிமீறல்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் பைஜாமா தைக்கும் ஆலை ஒன்றில் வேலைமுறையை மாற்றியபோது நடந்ததை 1948-ல் கோக், ஃப்ரெஞ்ச் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். உத்தரவு மட்டும் போட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போனார்கள். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி மாற்றிய குழுக்களில் ஒருவர்கூடப் போகவில்லை. வேகமும் முன்பைவிடக் கூடியது. கேட்பதற்கு என்ன செலவு? ஒரு மதியம், நாலு டீ.

எங்களுக்கும் பயிற்சி நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில், கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாகும் படம் போட்டு! ஒரு கடையில் மதியம் சரக்கு வாங்க மாட்டார்கள், வண்டியை அந்த நேரத்துக்கு அனுப்பாதீர்கள் என்று நான் மெயில் எழுதினேன். "சிஸ்டத்தை நம்புங்கள்" என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் எந்த சிஸ்டம் வண்டியை அனுப்பியது? நாங்கள்தானே?

சரி, மிச்சமான டீசல் பணம் யாருக்குப் போனது? டிரைவருக்குக் கிடைத்தது கூடுதலாக இரண்டு கடை.

அடுத்து கிடங்கில் ரேக் இடங்களையும் மாற்றப்போகிறார்களாம். வேகமாக ஓடும் சரக்கெல்லாம் ஒரே சந்தில் வரும், எல்லாரும் அங்கேயே முட்டிக்கொள்வார்கள். சரக்கு எடுக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே கேன்டீனில் காதில் விழுந்ததுதான்.