படிவம் போதும், நேரம் கொடுங்கள்

ஆசிரியர்களுக்கு உதவி என்ற பெயரில் இன்னும் எத்தனை பிடிஎஃப் அனுப்புவார்கள்? கற்பித்தலுக்கு ஒரு கையேடு, மதிப்பீட்டுக்கு ஒரு ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை), மாணவர் ஆலோசனைக்கு ஒரு படிவம். அப்புறம் அதையெல்லாம் நிரப்பினோமா என்று கேட்க இன்னொரு படிவம்! கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும், 1956-இல் வந்த புளூம் வகைப்பாட்டை ஒவ்வொரு பயிலரங்கிலும் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்குகிறார்கள். 2001-இல் அது திருத்தப்பட்டதைக்கூடப் பல பேர் சொல்வதில்லை. சரி, கட்டுக் கட்டாக வரும் விடைத்தாள்களுக்கு உருப்படியாகப் பின்னூட்டம் எழுத நேரம் எங்கே? அதற்கு ஒரு ஸ்லைடாவது உண்டா?

படிப்பையே விட்டுவிடலாமா என்று கலங்கி நிற்கும் மாணவியிடம் எந்தப் படிவத்தை நீட்டுவது? அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத்தான் இந்தப் படிவங்கள் தின்கின்றன. விடைத்தாள் திருத்த ஓர் உதவியாளரைக் கேட்டால், நேர மேலாண்மைப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள்!